கல்லாங்குத்தும் முகிலும்: ஒசூர் மலைகளில் பறவை நோக்கல் வேரூன்றிய வரலாறு

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் நானூறு மீட்டர் அளவுக்கு மேலேறிவிடுவதால், அந்தச் சாலையில் பயணம் செய்பவர் தாம் மலை ஏறியதை உணர்வதற்கு முன்பே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பை அடைந்துவிடுகிறார். பழைய வருவாய்க் கணக்குகள் இந்த ஏற்றத்தை இரண்டு பெயர்களால் குறித்தன. ஏற்றத்துக்குக் கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் முதலிய பகுதிகளைக் கொண்ட நிலம் பாராமகால் எனப்பட்டது. ஏற்றத்துக்கு மேலே ஒசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய நிலம் பாலாகாட், அதாவது கணவாய்க்கு மேலுள்ள நாடு எனப்பட்டது. பாராமகால் மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது; பாலாகாட் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் வந்து சேர்ந்தது. அதன்பின் இரண்டும் சேலம் மாவட்டத்தில் ஒட்டவைக்கப்பட்டன; ஒசூர்ப் பகுதி 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் கைமாறியது. ஆட்சியாளர்களின் வரைபடத்தில் எப்போதும் ஓர் ஓரமாகவே இருந்துவந்த இந்த நிலத்தின் பறவைகள் அறிஞர்களின் வரைபடத்திலும் நெடுங்காலம் ஓரமாகவே கிடந்தன என்பதும், அவற்றை முறையாகக் கவனிக்கும் பழக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகே இங்கு நிலைகொண்டது என்பதும் இந்த வரலாற்றின் சாரம்.

ஒசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் ஆகிய வனச்சரகங்களில் பரவிக் காவிரிப் பள்ளத்தாக்கில் இறங்கும் மலைத்தொகுதிக்கு மேலகிரி என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளான பிலிகிரிரங்கன் மலைக்கும், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன், சித்தேரி மலைகளுக்கும் இடையில் கிடப்பதால், இதனை இரண்டு மலைத்தொடர்களையும் கோக்கும் கண்ணி என்று உயிரியலாளர்கள் கருதுகின்றனர். இதன் உயர்ந்த முகடான குத்திராயன் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமே உடையது. அய்யூருக்கு அப்பால் உள்ள பெட்டமுகிலாளம் என்னும் மலையூரின் பெயரில் கன்னடத்தின் 'பெட்ட', அதாவது மலை என்ற சொல்லும், தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான முகிலும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்தப் பெயரை வேறுவிதமாகப் பிரிக்கவும் இடமுண்டு என்றாலும், மார்கழி, தை மாதங்களின் காலைப் பொழுதில் அந்த ஊர் இருக்கும் இருப்பு முதல் பிரிப்புக்கே சாட்சி சொல்கிறது.

ஆயினும் மேகக் காடு என்று தாவரவியலார் கூறுவது இதுவன்று. நீலகிரி, பழனி, ஆனைமலைகளில் ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து, பாசியும் ஆர்க்கிடுகளும் போர்த்த கிளைகளால் மூடுபனியின் நுண்துளிகளை வடித்து நிலத்தில் சொட்டவிடும் காட்டையே அவர்கள் அப்பெயரால் அழைக்கின்றனர்; தமிழில் அதற்குச் சோலை என்ற பெயர் முன்பே உண்டு. மேலகிரியில் ஓடைகளின் தலைப்பகுதிகளிலும் உயரமான மடிப்புகளிலும் மட்டுமே பசுமை மாறாத மரத்திட்டுகள் காணப்படுகின்றன. மற்ற இடமெல்லாம் இலையுதிர்க் காடும் மூங்கிலும் முட்புதரும், அவற்றுக்கிடையே யானை படுத்தாற்போன்ற கருங்கற் பாறைகளுமே. சோலைப் பறவைகளும் வறண்ட நிலப் பறவைகளும் ஒரே நாள் நடையில் எதிர்ப்படக் காரணம் இந்தக் கலப்புதான். அறிஞர்கள் இதனை நெடுங்காலம் பொருட்படுத்தாமல் விட்டதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். பகட்டான சோலை பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கும்போது அரைகுறைச் சோலையைத் தேடி எவரும் வருவதில்லை.

பறவையைக் கவனித்தல் என்பது இம்மலைகளில் வெள்ளையர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கவனித்ததன் நோக்கம்தான் வேறாக இருந்தது. பழந்தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு, காட்டு விலங்கையும் பறவையையும் ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கிவைத்த விலங்கு அல்லது பறவை என்ற பொருளும் உண்டு. கூண்டில் வளர்த்த கௌதாரியைப் புதரோரம் வைத்துக் கூவவிட்டு, அதன் குரலுக்குச் சண்டையிட வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் சிக்கவைப்பது தமிழகமெங்கும் அண்மைக்காலம் வரை நடந்த வேட்டை முறையே. அதனைச் செய்பவனுக்கு எந்தப் பறவை எந்தப் பொழுதில் கூவும், எந்த மாதம் இணை சேரும், எந்தத் திசையிலிருந்து நடந்துவரும் என்பவை அத்துபடியாக இருந்தாக வேண்டும். தேன்கனிக்கோட்டையின் கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கே பேட்டராயர், அதாவது வேட்டை அரசர் என்று பெயர் வழங்குவதை நினைத்தால், இந்த நாட்டில் பறவையறிவு எந்த வாசல் வழியாகப் புகுந்தது என்பது விளங்கும். அந்த அறிவு எழுத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எழுத்தில் ஏற்றியவர்கள் தங்குவதற்குக் கூரை தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856இல் ஹியூ கிளெக்ஹார்னின் தலைமையில் தொடங்கப்பட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவித்து எல்லைக்கல் நடும் அதிகாரத்தைத் தந்தது. சென்னையையும் பெங்களூரையும் இணைத்த இருப்புப்பாதை 1864இல் நிறைவுற்றபின், என்ஜின்களுக்கு விறகும் தண்டவாளத்துக்குக் கட்டையும் பெருமளவில் வேண்டியிருந்தன. மலையின் சந்தனமும் அரசின் ஏகபோகச் சரக்காக இருந்தது. வெட்டு நடக்கும் கூப்புகளை, அதாவது ஆண்டுக்கொரு பகுதியாக வெட்டுவதற்கென்று அளந்து பிரித்த காட்டுத் துண்டுகளை மேற்பார்வையிட வரும் அதிகாரிகள் இரவு தங்குவதற்காகவே காட்டு வழிகளில் ஒரு நாள் குதிரைப் பயணத் தொலைவுக்கு ஒன்றாக ஓய்வு விடுதிகள் எழுந்தன. ஊர் மக்கள் அவற்றை ஃபாரஸ்ட் பங்களா என்றே இன்றும் சொல்கின்றனர்.

இந்தப் பங்களாக்களின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேட்டில் அல்லது நீர்நிலை தெரியும் திருப்பத்தில் இடம் தேர்ந்து, கனத்த கற்சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, இரண்டு அறைகளுக்கு முன்னால் அவற்றைவிட அகலமான தாழ்வாரம் விடுவார்கள். சமையற்கட்டு புகைக்கும் பாம்புக்கும் அஞ்சித் தனியே பின்னால் நிற்கும். பிற்காலத்தில் சுற்றிலும் யானை இறங்க முடியாத அகழி வெட்டப்பட்டது. தாழ்வாரம் அகலமாக இருந்ததற்குக் காரணம் வெயிலும் சாரலுமே தவிர பறவைகள் அல்ல. ஆனால் விடியற்காலையில் அந்தத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்த அதிகாரிக்கு, எதிரில் பழுத்த ஆலமரமும் அதில் மொய்க்கும் குக்குறுவானும் சின்னானும் பச்சைப்புறாவும் தாமாகவே வந்து வாய்த்தன. மரத்தைக் கணக்கெடுக்கக் கட்டிய வீடு பறவையைக் கணக்கெடுக்கும் வீடாக மாறியது இப்படித்தான். இன்று மலைவிடுதிகள் பெரும் செலவில் அமைத்துத் தரும் பறவை மேடைக்கு இந்தத் தாழ்வாரமே மூதாதை.

தென்னிந்தியப் பறவைகளை முதன்முதலில் ஒழுங்காகப் பட்டியலிட்டவர் சென்னைப் படையின் மருத்துவர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் (1811–1872). 1836இல் சென்னைக்கு வந்த அவர், தீபகற்பப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் பகுதி பகுதியாகச் சென்னையின் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். நீலகிரிச் சோலைகளுக்கே உரிய நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி ஈபிடிப்பான் ஆகியவற்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. மேகக் காட்டின் பறவைகளைப் பெயரிட்ட அதே கை, நெல்லூரில் மருத்துவராகப் பணியாற்றிய காலத்தை ஒட்டி, கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிடைத்த இரண்டு வறண்ட நிலப் பறவைகளையும் 1840களின் நடுப்பகுதியில் விவரித்தது. ஒன்று மஞ்சள் தொண்டைச் சின்னான். அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லான சாந்தோலேமஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் மஞ்சள் தொண்டை என்றே பொருள். மற்றொன்று வெள்ளைப் பிடரிப் பட்டாணிக்குருவி. ஒசூர் மலைகளின் பறவை வரலாற்றில் முதன்மையான இடம் இந்த இரண்டுக்கும் உரியது என்பது அப்போது எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. சோலைப் பறவைகள் பற்றி நூல்கள் பெருகின. பாறைப் பறவை இரண்டும் அருங்காட்சியகப் பெட்டியில் உறங்கின.

அக்காலத்தில் பறவையை அறிதல் என்பது பறவையைச் சுடுதலே. சுட்ட பறவையின் வயிற்றுப் பக்கம் சிறு கீறல் இட்டு, உடலை வெளியே எடுத்து, தோலின் உட்புறத்தில் பூச்சி அண்டாதிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சை அடைத்துத் தைத்து, காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். சுட்ட இடம், நாள், உயரம், ஆணா பெண்ணா என்ற விவரங்கள் அதில் இருக்கும். பறவை அழிந்து சீட்டு எஞ்சும் இந்த முறையில், சுட்டுக் கொண்டுவந்த உள்ளூர் வேட்டைக்காரரின் பெயருக்கு மட்டும் அந்தச் சீட்டில் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. அறிவியலுக்கு அப்பால் வணிகமும் துப்பாக்கியைத் தூக்கியது. இம்மலைகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகுத் துளி உறைந்ததுபோன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. பிரிட்டனில் சால்மன் மீனுக்குத் தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சிகளைச் செய்ய அந்த இறகுக்குப் பெரும் கிராக்கி இருந்தது. இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதி 1902இல் தடைசெய்யப்பட்டது; அதற்குள் எத்தனை ஆயிரம் சேவல்கள் கழுத்திழந்தன என்பதற்குக் காடு கணக்கு வைத்திருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த இரண்டு பெரும் கள ஆய்வுகள் ஒசூரின் இருபுறமும் வந்து நின்றன. ஆர்தர் வெர்னே என்னும் செல்வந்தரின் பொருளுதவியால் 1929இல் தொடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு, சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் மாதிரிகளைச் சேகரித்தது. அதன் முடிவுகளை ஹியூ விஸ்லரும் கின்னியரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1930 முதல் தொடராக எழுதினர். மறுபுறம், பறவையியலாளர் சாலிம் அலி மைசூர் அரசின் ஆதரவில் 1939–40இல் அந்தச் சமஸ்தானத்தின் பறவைகளை ஆய்ந்து, 1942–43இல் அதே இதழில் வெளியிட்டார். முதல் ஆய்வு கிழக்கு மலைகளுக்கானது. இரண்டாவது மைசூர் மன்னரின் எல்லைக்கு உட்பட்டது. ஆட்சியால் சென்னையையும், நிலத்தால் மைசூரையும் சேர்ந்த பாலாகாட், இரண்டு ஆய்வுகளின் மையத்திலும் இடம்பெறவில்லை. நிலத்தின் மீது கிழித்த கோடு, அறிவின் மீதும் கோடாகவே விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேட வேண்டியதில்லை. பறவைகளுக்கு அந்தக் கோடு தெரியாது என்பது வேறு.

மேற்கே பிலிகிரிரங்கன் மலையின் நிலை மாறாக இருந்தது. அங்கே ஹொன்னமேட்டி காப்பித் தோட்டத்தின் உரிமையாளர் ரால்ஃப் மாரிஸ் பறவைகளையும் விலங்குகளையும் குறித்துப் பம்பாய்க் கழக இதழுக்குப் பல ஆண்டுகள் இடைவிடாமல் குறிப்புகள் அனுப்பிவந்தார். அறிஞர்கள் வந்து தங்குவதற்கு அவர் வீடு திறந்திருந்தது. சோலையும், தங்க ஒரு வீடும், எழுதத் தெரிந்த ஒரு வீட்டுக்காரரும் ஒருங்கே அமைந்த மலைக்கு வரலாறு வாய்த்துவிட்டது. மேலகிரியிலும் எழுதத் தெரிந்த ஒருவர் நடமாடினார். ஆனால் அவர் தேடியது பறவையை அல்ல. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரி, கும்மளாபுரம் ஆகிய ஊர்களின் ஆட்கொல்லி விலங்குகளைப் பற்றி 1954இல் வெளியான தம் முதல் நூலில் எழுதினார். 1959இல் வந்த நூலுக்குத் தேன்கனிக்கோட்டைக்கு அருகிலுள்ள சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தையே தலைப்புத் தந்தது. அவருடைய பக்கங்களில் பறவை வருவது பெரும்பாலும் எச்சரிக்கை மணியாகத்தான்: ஆள்காட்டி கத்தினால் சிறுத்தை நடக்கிறது, காட்டுக்கோழி சட்டென்று ஓய்ந்தால் ஏதோ அசைகிறது. அது குறைவான அறிவன்று. இருட்டில் பரணில் அமர்ந்திருப்பவனுக்குக் காதுதான் கண், அந்தக் காதைத் தீட்டியவர்கள் அவருடன் சென்ற மலைவாசிகளே. இன்று ஒசூரில் மேலகிரியின் உயிரினங்களை ஆவணப்படுத்திவரும் தன்னார்வ அமைப்பு கென்னத் ஆண்டர்சன் இயற்கைக் கழகம் என்று அவர் பெயரையே சூடியிருப்பது, துப்பாக்கியிலிருந்து பைனாகுலருக்கு வந்த பாதை அறுபடவில்லை என்பதைக் காட்டும்.

அந்தப் பாதையின் திருப்பம் 1970களில் நேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதே பத்தாண்டில் பெங்களூரில் பறவை நோக்குவோர் குழுவாகக் கூடிக் களத்துக்குச் செல்லும் வழக்கம் உருவாயிற்று. தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் ஒசூரில் நிலம் கையகப்படுத்தித் தொழிற்பேட்டை அமைத்ததும் அப்போதுதான். 1980ஐ ஒட்டி வாகன ஆலைகளும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கைக்கடிகார ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகள்போல் தோன்றினாலும், ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பதற்கு மாதச் சம்பளமும், வார விடுமுறையும், இருசக்கர வண்டியும், விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரும் வேண்டும் என்பதை எண்ணினால் அவற்றின் தொடர்பு புலப்படும். கூப்பு அதிகாரியின் தாழ்வாரத்தில் பிறந்த பழக்கம், ஷிப்டு முடித்து வந்த பொறியாளரின் ஞாயிற்றுக்கிழமையில் குடியேறியது. ஆலைகள் காட்டின் ஓரத்தைத் தின்றன என்பது உண்மை. காட்டைப் பார்க்கும் கண்களையும் அவையே ஊருக்குக் கொண்டுவந்தன என்பதும் உண்மை.

எனினும் மேலகிரியின் உட்பகுதிகள் உடனே திறந்துவிடவில்லை. காவிரிக் கரையின் காடுகள் 1990களில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடும் அதிரடிப் படைகளின் களமாயின; தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே 2004 அக்டோபர் 18 அன்று அவர் கொல்லப்படும் வரை, பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுவழியில் அலைவது எவருக்கும் உகந்த பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஆற்றின் மறுகரையில் நிலைமை சற்றே வேறு. கர்நாடக அரசு 1980இல் நிறுவிய காட்டு விடுதி நிறுவனம் காவிரிக் கரையில் பீமேஸ்வரியில் மஹ்சீர் என்ற பெருமீன் பிடிக்க வருவோருக்காக முகாம் அமைத்தது. பிலிகிரிரங்கன் மலையில் மைசூர் மன்னர்களின் வேட்டை மாளிகை இருந்த கியாத்ததேவராயகுடியைத் தங்கும் முகாமாக்கியது. மாளிகையில் வேட்டைக்காரர் தங்கிய அறையில் பறவை நோக்குவோர் தங்கினர். தூண்டிலுக்கு வந்தவரும் கரையோர மரத்தில் சாம்பல் தலை மீன்கழுகைப் பார்த்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டுப் பக்கம் விடுதித் தொழில் அவ்வாறு வளரவில்லை. வனத்துறையின் முன் அனுமதி பெற்று அய்யூர் போன்ற இடங்களில் ஓய்வு விடுதியில் தங்குவதே இங்கு வழக்கமாயிற்று. இதனைக் குறையாகச் சொல்வாரும் உண்டு. ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ராகிக் கதிரை நாடி இறங்கும் தடத்தில் விடுதிகள் வரிசைகட்டாமல் போனது நல்லதாகவே முடிந்தது.

ஜெர்டனின் இரண்டு பறவைகள் இக்காலத்தில்தான் இந்நிலத்துக்கு உரியவை என்று நிலைநாட்டப்பட்டன. வெள்ளைப் பிடரிப் பட்டாணிக்குருவி குஜராத், ராஜஸ்தான் முட்காடுகளின் பறவை என்றே அறியப்பட்டிருக்க, தென்னகத்துப் பழம் பதிவுகள் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டுவந்தன. 1990களில் காவிரிப் பள்ளத்தாக்கின் வேல மரக் காடுகளில் அது மீண்டும் காணப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. மஞ்சள் தொண்டைச் சின்னானோ தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. பெங்களூர்ப் பறவை ஆய்வாளர்கள் குன்று குன்றாகத் தேடித் தொகுத்த பதிவுகளால், அது ஆந்திரத்திலிருந்து கர்நாடகம் வழியாகத் தமிழ்நாடு வரை சிதறிக் கிடக்கும் திட்டுகளில் வாழ்வது தெளிவாயிற்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டையும் அழிவாய்ப்புள்ள இனங்களாக வகைப்படுத்தியிருக்கிறது.

இந்தச் சின்னானைக் காண்பதற்குரிய முறை மலைவிடுதித் தாழ்வாரத்துக்கு ஒத்துவராது. பொழுது விடிவதற்கு முன் பாறைச் சரிவின் அடியில் போய் அமர வேண்டும். வெயில் பாறையின் உச்சியைத் தொட்டதும், இடுக்கில் வளர்ந்த கல்லத்தியிலிருந்தோ உண்ணிச்செடியிலிருந்தோ விரைவான, சற்றே கரகரத்த குரல் எழும். சாம்பல் மார்பும், எலுமிச்சைத் தோல் நிறத்தில் தலையும் தொண்டையும், வெளிர்மஞ்சள் நுனியிட்ட வாலும் கொண்ட பறவை பாறை விளிம்பில் சில நொடிகள் நின்று, ஆள் அசைவு தெரிந்த கணமே மறுபுறச் சரிவில் விழுந்துவிடும். ஊர்த் தோட்டத்துச் சின்னானைப்போல் மின்கம்பியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் வழக்கம் இதற்கில்லை. ஒரு காலை முழுவதும் காத்து அரை நிமிடம் பார்ப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகளாகக் கருதப்படுகின்றனர்.

பெயர் வைப்பதிலும் ஒரு வரலாறு உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கைக் கட்டுரைகளும், பேராசிரியர் க. ரத்னம் மக்கள் வழக்கிலிருந்து தொகுத்த பறவைப் பெயர்களும், தியடோர் பாஸ்கரனின் நூல்களும் தமிழில் பறவைகளைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களைத் தந்தன. மாலையில் குறித்த நேரத்தில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும், பச்சை அலகைக் கண்டு பச்சைவாயன் என்றும் மக்கள் வைத்த பெயர்களில், பறவையை அடையாளம் காண வேண்டிய குறிப்பு பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒசூர் எல்லையில் ஒரே பறவைக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று பெயர்கள் ஒரே தெருவில் வழங்கும். அந்த மும்மொழிச் சொற்களஞ்சியத்தை முழுமையாகத் தொகுக்கும் பணி இன்னும் ஆள் தேடிக் காத்திருக்கிறது. பதிவு செய்யும் பணியோ கைப்பேசிக்கு மாறிவிட்டது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஒசூரின் இராமநாயக்கன் ஏரியும் தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையும் தம் பட்டியலைச் சேர்க்கின்றன. அணையின் மதகில் ஆலைக் கழிவும் நகரக் கழிவுநீரும் நுரைத்துப் பொங்கும் நாட்களிலும் நாமக்கோழிகள் வந்தே தீர்கின்றன.

மேலகிரியின் பெரும்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது மிக அண்மையில்தான். 2014இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கர்நாடகத்தின் காவிரி, மலை மாதேஸ்வரா சரணாலயங்களோடு இவை ஒட்டிக் கிடப்பதால், 1799இல் கிழித்த எல்லைக்கோட்டின் இருபுறமும் காடு ஒரே துண்டாகக் காக்கப்படும் நிலை முதன்முறையாக உருவாயிற்று. யானைக்கும் சாம்பல் மலை அணிலுக்கும் ஆற்றங்கரை நீர்நாய்க்கும் இது பெரும் காப்பு.

மஞ்சள் தொண்டைச் சின்னானின் நிலை அவ்வளவு நேரானதன்று. அது சரணாலயத்துக்குள் உள்ள சரிவுகளில் வாழ்வதுபோலவே, காடு என்று எவரும் அழைக்காத மொட்டைக் குன்றுகளிலும் வாழும். வருவாய்த் துறையின் பதிவேட்டில் அத்தகைய நிலத்துக்குக் கல்லாங்குத்துப் புறம்போக்கு என்று பெயர்; பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உதவாத கல் நிலம் என்பது அதன் பொருள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் தொழில் எழுந்து நிற்பது பெரும்பாலும் இந்தக் கல்லின் மீதுதான். பாரடைசோ என்ற வணிகப் பெயரில் உலகச் சந்தைக்குச் செல்லும் இம்மாவட்டத்துக் கல், வைரம் பதித்த கம்பியறுப்பால் தயிர்க்கட்டிபோல் செதுக்கி எடுக்கப்படுகிறது. மரம் வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கலாம். அறுத்தெடுத்த குன்றில் பாறை முளைப்பதில்லை, பாறை இடுக்கில் நின்ற கல்லத்தியும் திரும்புவதில்லை. குத்தகை விண்ணப்பம் வரும்போது நிலத்தின் வகையைக் குறிக்கும் பத்தியில் இன்றும் கல்லாங்குத்து என்ற ஒரே சொல்தான் எழுதப்படுகிறது. அந்தப் பத்தியில் பறவைக்கென்று கட்டம் கிடையாது.